உறையாத அன்னாசி

வெள்ளிக்கிழமை மதியம் மச்சினனின் பழக்கடை வேன் வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஓர் அட்டைப் பெட்டியை இறக்கி வைத்து, "அண்ணன் குடுக்கச் சொன்னாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெட்டிக்குள் ஆறு அன்னாசிப் பழங்கள். இரண்டு வருடமாக அந்தக் கடையிலிருந்து இந்த வீட்டுக்கு ஓர் எலுமிச்சம்பழம்கூட வந்ததில்லை. அதனால் கணவன், மனைவி, மகள் மூவரும் பெட்டியைச் சுற்றி நின்று, உள்ளே பாம்பு இருப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மனைவியின் போன் அடித்தது. பழத்தை அனுப்பிய அவள் தம்பிதான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வரேன்" என்றான். அவள் பதில் சொல்வதற்குள், "ஆனா ஒண்ணு. அந்தப் பழத்துல மாமா தன் கையால ஏதாவது செஞ்சு வைக்கணும். நாப்பது பேர் முன்னாடி என் சரக்கைக் கேவலப்படுத்தினாரு இல்ல, அதே சரக்கை எடுத்து எனக்குப் பரிமாறட்டும். செஞ்சா உக்காந்து சாப்பிடறேன். இல்லைன்னா இத்தோட விட்டுடலாம்."

"விட்டுடலாம்னா என்னடா அர்த்தம்?"

"விட்டுடலாம்னா விட்டுடலாம்தான்."

அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான். போனை வைத்துவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே ஓர் அன்னாசியைக் கையில் எடுத்து, அடிப்பக்கத்தை முகர்ந்துகொண்டிருந்தார்.

"அதைக் கீழ வைங்க" என்றாள்.

கணவர் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் கொஞ்சம் எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் அங்கே அவருக்கு 'சாம்பிள் சார்' என்று பெயர் விழுந்தது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பணி ஓய்வு நாளில் கொடுத்த பாராட்டு மடலில் ஆதாரமில்லாத புகழ்ச்சி நான்கு இடங்களில் இருப்பதாகச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தவர் அவர். திருத்திய மடல் இன்றுவரை வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மச்சினன் தன் மொத்த வியாபாரப் பழக்கடையைப் பெரிய இடத்துக்கு மாற்றினான். திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்குத் தர்ப்பூசணி வெட்டிக் கொடுத்தார்கள். எல்லோரும் தின்றுவிட்டு விதையைத் துப்பினார்கள். சாம்பிள் சார் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, அவருக்கு யாரும் கொடுக்காத மைக்கைத் தானே எடுத்து, "உள்ள புளிச்சிருக்கு. இந்த லாட் மொத்தத்தையும் திருப்பி அனுப்பறது நல்லது" என்று அறிவித்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் செய்த நாசங்களில் பெரும்பாலானவை நல்ல எண்ணத்தில் செய்தவை.

"அடுப்புப் பக்கம் மட்டும் வரக் கூடாது" என்றாள் மனைவி. போன மாதம் பால் பொங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கெடுக்கிறேன் என்று, பாலையும் பாத்திரத்தையும் சேர்த்துக் கரியாக்கியிருந்தார்.

"அடுப்பே வேண்டாத ஐட்டம் ஒண்ணு இருக்கும்மா" என்றாள் மகள், போனைப் பார்த்தபடி. "பிஸ்கட்டைப் பொடிச்சு, உருக்கின வெண்ணெய்ல பிசைஞ்சு அடியில அமுக்கணும். மேல க்ரீமும் பழமும். உறைய வைக்கற ஜெலட்டின் பொடியை வெந்நீர்ல கரைச்சு அதுல கலந்துடணும். ஃப்ரிட்ஜ்ல நாலு மணி நேரம் வெச்சா கத்தியில வெட்டற மாதிரி உறைஞ்சுடும். இந்த வெயிலுக்கு ஜில்லுனு இருக்கும்."

"எத்தனை டிகிரியில வைக்கணும்?"

"ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரியிலப்பா."

சாம்பிள் சார் புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சமையலறை அவர் வசமானது. தானாக அணைந்துகொள்ளும் மின்சாரக் கெட்டிலுக்கு மட்டும் அனுமதி. வெண்ணெயை வெயிலில் வைத்தே உருக்கிக்கொண்டார். ஜன்னலோரம் ஐந்து நிமிடம் வைத்ததே அதிகம் என்கிற மாதிரி வெயில். பிஸ்கட் இருநூற்று நாற்பது கிராம். பின்னால் தகராறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பிஸ்கட்டை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்தார். இரண்டு பழத்தை அறுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கினார். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். நன்றாக இருந்தது. இன்னொன்றையும் போட்டுக்கொண்டார், உறுதிப்படுத்த.

ஒன்பது நாற்பதுக்கு டிரே ஃப்ரிட்ஜுக்குள் போனது. ஒன்று நாற்பதுக்கு வெளியே எடுத்து லேசாகச் சாய்த்தார். உள்ளே இருந்ததும் கூடவே சாய்ந்தது. அடியில் அமுக்கிய பிஸ்கட் தட்டுத்தட்டாகப் பெயர்ந்து மேலே மிதந்தது.

"இது என்னப்பா, பாயசமா?" என்றாள் மகள்.

"நடுவுல யாரு ஃப்ரிட்ஜைத் திறந்தது?"

"நான்தான். தண்ணி எடுக்க."

"எத்தனை தடவை?"

"தாகம் எடுத்த தடவை."

குற்றவாளி கிடைத்துவிட்ட நிம்மதியில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: 'சோதனை நடைபெறுகிறது. திறக்க வேண்டாம்.' அன்று முழுக்க அந்த வீட்டில் மூன்று பேரும் குழாயில் கொதித்து வந்த தண்ணீரை அப்படியே குடித்தார்கள். ஆனால் உள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டர் சரியாக நான்கு டிகிரி காட்டியது. ஃப்ரிட்ஜ் நிரபராதி. மகளும் நிரபராதி, ஆனால் அவளிடம் அதை அவர் தெரிவிக்கவில்லை.

இரண்டரைக்கு அடுத்த இரண்டு பழங்களை அறுத்து இரண்டாவது டிரே. இந்த முறை ஜெலட்டின் இரண்டு மடங்கு. கூடவே இரண்டு கண்ணாடி டம்ளர்கள்: ஒன்றில் வெறும் வெந்நீரும் ஜெலட்டினும், இன்னொன்றில் க்ரீமும் ஜெலட்டினும். யார் துரோகி என்று தெரிந்துவிடும்.

காத்திருந்த நேரத்தில் மனைவி மூன்றாம் மாடி கேக் டீச்சரை அழைத்து வந்தாள். டீச்சர் எட்டு நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, ஒன்பதாம் நாள் சொந்தமாகப் பயிற்சி ஆரம்பித்தவர். முதல் டிரேயை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், டெசர்ட்ங்கறது ஒரு மனநிலை. கலக்கும்போது நீங்க என்ன நினைச்சீங்க?"

"கலக்கணும்னு நினைச்சேன்."

"அங்கதான் சார் தப்பு. அதுகிட்ட ஒரு அன்பு வேணும். எந்தப் பக்கமா கலக்கினீங்க?"

"வலது கையால."

"சரிதான்" என்று சொல்லி, எது சரி என்று சொல்லாமலேயே டீச்சர் மாடியேறிப் போய்விட்டார். சாம்பிள் சார் நோட்டில் 'மனநிலை: சரிபார்க்க' என்று எழுதினார். எப்படிச் சரிபார்ப்பது என்று விளங்காமல் அதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டார்.

மாலை ஆறரைக்கு ஃப்ரிட்ஜ் திறக்கப்பட்டது. வெறும் ஜெலட்டின் டம்ளரைக் கவிழ்த்தார், விழவில்லை. க்ரீம் டம்ளரையும் கவிழ்த்தார், அதுவும் விழவில்லை. இரட்டிப்பு ஜெலட்டின் போட்ட டிரேயை எடுத்தார். சாய்க்க வேண்டிய அவசியமே இல்லை. எடுக்கும்போதே சட்டையில் கொட்டியது.

கணக்கு சுலபம். ஃப்ரிட்ஜ் சரி, ஜெலட்டின் சரி, க்ரீம் சரி. மிச்சமிருப்பது பழம். நாற்காலியில் உட்கார்ந்து மீதித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தார். வாசனை நன்று, இனிப்பு நன்று, நிறம் நன்று. நல்ல சரக்குத் தப்புச் செய்யாது, தப்புச் செய்தால் அது நல்ல சரக்கில்லை. இதை நம்பித்தான் இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கினார். இப்போது குறையே இல்லாத ஒரு பழம் முன்னால் உட்கார்ந்துகொண்டு, செய்வதையெல்லாம் தண்ணீராக்குகிறது. தலையைச் சொறிந்துகொண்டார். கையிலிருந்த க்ரீம் தலையில் ஒட்டியது. கடைசியில், வேறு வழி தெரியாமல், 'காரணம்: பழம் (சந்தேகம்)' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

பின்னால் நின்ற மனைவி அதைப் படித்தாள்.

"என்னங்க இது?"

"எல்லாத்தையும் தனித்தனியாப் பார்த்துட்டேன். பழத்துலதான் ஏதோ இருக்கு."

"பழம் நல்லாயில்லையா?"

"ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா..."

"அந்த 'ஆனா' வேண்டாம். அந்த ஒரு 'ஆனா'வாலதான் ரெண்டு வருஷமா என் தம்பி மூஞ்சியப் பார்க்காம இருக்கேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு அவன் வந்து இந்த நோட்டைப் பார்த்தான்னா அப்படியே திரும்பிப் போயிடுவான். அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா?"

எந்த வாதத்துக்கும் பதில் வைத்திருப்பவர் அவர். இது வாதம் இல்லை என்பதால் திகைத்துப்போய் நோட்டை மூடினார்.

மகள்தான் வழி சொன்னாள். கடைக்குப் போய் டின்னில் அடைத்த அன்னாசி இரண்டு வாங்கி வந்து மேஜையில் வைத்தாள். "போன்ல படத்துல இருக்கறது டின் பழம்தான்ப்பா. இதைப் போட்டுப் பார்ப்போம். மாமாவுக்கு என்ன தெரியப்போகுது?"

"சாம்பிளை மாத்தச் சொல்றியா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. ஒருமுறை வெளியூரிலிருந்து பெரிய வாடிக்கையாளர் வருகிறார் என்று, சோதனைக்கு வைத்த டப்பாவை மட்டும் நல்ல டப்பாவாக மாற்றி வைக்கச் சொன்னார் முதலாளி. சாம்பிள் சார் முடியாது என்றார். அதற்குப் பிறகு நான்கு வருடம் பதவி உயர்வு அவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு எங்கே போனாலும் இந்தக் கதையைச் சொல்லுவார். கேட்டவர்கள் மணியைப் பார்ப்பார்கள்.

மனைவி கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"சரி" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு டின் பழம் டிரேயில் இறங்கியது. அதே பிஸ்கட், அதே க்ரீம், அதே அளவு ஜெலட்டின், அதே கை. பதினொரு மணிக்கு எடுத்தால் கண்ணாடி போல உறைந்து, தட்டினால் நளினமாக ஆடியது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நல்ல பழம் உறையவில்லை, டின்னில் எத்தனையோ மாதம் ஊறிய பழம் உறைகிறது. எங்கேயோ தான் தலைகீழாக நிற்பதைப் போல இருந்தது. முதல் இரண்டு டிரேக்களிலும் 'மாதிரி 1', 'மாதிரி 2' என்று நேரத்தோடு லேபிள் ஒட்டியிருந்தார். இதற்கு மட்டும் ஒட்டவில்லை.

மச்சினன் பன்னிரண்டரைக்கு வந்தான். வாசனைத் திரவியம் அவனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. "சங்கத்துல மீட்டிங். தள்ளி வெச்சிட்டு வந்தேன்" என்றான். அவன் மொத்தப் பழ வியாபாரிகள் சங்கத்தின் துணைத் தலைவர். சங்கத்தில் பதினோரு உறுப்பினர்கள், அதில் ஏழு பேர் துணைத் தலைவர்கள்.

"இளைச்சுட்டியேடா" என்றாள் அக்கா. சட்டைப் பொத்தான்கள் அதை மறுத்தன.

"மாமா எப்படி இருக்கீங்க?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"இருக்கேன் மாப்ள" என்று சாம்பிள் சாரும் அதே சுவருக்குப் பதில் சொன்னார்.

சாப்பாடு வெயிலைப் பற்றிய பேச்சிலேயே கழிந்தது. மனைவி கேட்காமலே அவன் தட்டில் எதையாவது வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மகள் டிரேயைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சாம்பிள் சார் எழுந்து, கத்தியால் சதுரமாக வெட்டி, தன் கையால் மச்சினனின் தட்டில் வைத்தார். துண்டு நிமிர்ந்து நின்று லேசாக நடுங்கியது.

மச்சினன் கரண்டியை எடுத்தான். துண்டைப் பார்த்தான். கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினான்.

"என் பழமா இது?"

"ஆமாண்டா" என்றாள் அக்கா.

"நான் மாமாவைக் கேக்கறேன்."

சாம்பிள் சார் வாயைத் திறந்தார். ஆமாம் என்பதற்கு மூன்றே எழுத்துதான். வரவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

மச்சினன் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். "நான் அனுப்பின ஆறும் எங்க போச்சு? குப்பைக்கா?"

"நீ இன்னும் வாயிலயே வைக்கலையே மாமா" என்றாள் மகள்.

"வாயில வைக்கவே வேண்டாம். பார்த்தாலே தெரியுது. என் பழம் இப்படி நிக்காது." எழுந்தான். "அக்கா, சாப்பாடு நல்லாயிருந்துச்சு. கிளம்பறேன்." வாசலுக்குப் போய் ஷூவுக்குள் ஒரு காலை விட்டான்.

மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அழகாக உறைந்து நிற்கிறது, அதையே குற்றம் என்கிறான். தின்னாமலே டின் என்று எப்படிக் கண்டுபிடித்தான்? மனைவி கணவனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, ஏதாவது பேசுங்க."

இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவரைப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நேராகச் சமையலறைக்குப் போய், இரண்டு டிரேக்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதன்மேல் நோட்டை வைத்து, தளும்பத் தளும்ப வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"மாப்ள, உன் பழம் இதுல இருக்கு. நாலு பழம். ரெண்டு தடவை செஞ்சேன், ரெண்டு தடவையும் உறையல. ஏன்னு தெரியல. அதனால டின் வாங்கிப் போட்டோம். சாம்பிளை மாத்தினது நான்தான். தப்பு."

மச்சினன் ஒற்றைக் காலில் நின்றபடி லேபிளைப் படித்தான். 'மாதிரி 1. சனி காலை 9.40. நிலை: உறையவில்லை.' மேலே கிடந்த நோட்டைப் புரட்டினான். அடிக்கோடிட்ட வரி வந்ததும் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காரணம், பழம்" என்று வாய்விட்டுப் படித்தான்.

"சந்தேகம்னுதான் போட்டிருக்கேன்" என்றார் சாம்பிள் சார், ஈனமான குரலில்.

"சந்தேகம் என்ன சந்தேகம்? காரணம் பழம்தான்." வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். "போன வருஷம் ஒரு பேக்கரிக்காரர் முப்பது டிரேயைக் கொண்டாந்து என் கடை வாசல்ல இறக்கி வெச்சு ஒரே சண்டை. டின் பழம் போட்டா உறையுது, உன் பழம் போட்டா தண்ணியா நிக்குதுன்னாரு. சங்கத்துல கூடி விசாரிச்சோம். எவன் கடைச் சரக்கா இருந்தாலும் டின்ல அடைக்காத பச்சை அன்னாசி போட்டா உறையாதாம் மாமா. உறைஞ்சா அது டின். எனக்கு வேற தெரிய வேண்டியதில்ல."

"ஏன் உறையாது?"

"அது வந்து..." துணைத் தலைவர் ஒரு நொடி யோசித்தார். "பழத்தோட வீரியம்."

மகள் அதற்குள் போனில் தேடியிருந்தாள். "பச்சைப் பழத்துல இருக்கற ஏதோ ஒண்ணு ஜெலட்டினைத் தின்னுடுமாம்ப்பா. சூடு காட்டினா அது செத்துடுமாம். டின்ல அடைக்கும்போது சூடு பண்ணிடறாங்க."

"அப்ப அடுப்புல ஒரு கொதி விட்டிருந்தா உறைஞ்சிருக்குமா?" என்றார் சாம்பிள் சார்.

மனைவி அவசரமாக வேறு பக்கம் பார்த்தாள்.

சாம்பிள் சார் டிரேக்களைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். "இரு, இரு. உறையாதது நல்ல பழம். உறைஞ்சது டின்னு. அப்ப ஃபெயிலானதுதான் பாஸா? பழத்துமேல தப்புன்னு நான் எழுதினது சரி. ஆனா பழத்துமேல தப்பு இல்ல. இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

"எழுதாதீங்க" என்றார்கள் மற்ற மூவரும்.

மச்சினன் டிரேக்குள் விரலை விட்டு ஒரு துண்டைத் தேடி எடுத்து மென்றான்.

"நல்லாயிருக்கில்ல மாமா?"

"ரொம்ப நல்லாயிருக்கு." மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாக்கியம் 'ஆனா' இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டது.

"அப்ப அன்னைக்குச் சொன்னது?"

சாம்பிள் சார் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், காலில் ஒட்டிய க்ரீமைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு பொய் சொல்லி அது பட்ட பாட்டைப் பார்த்தாகிவிட்டது. "நாப்பது பேர் முன்னாடி, மைக்ல சொன்னது தப்பு மாப்ள. மன்னிச்சிடு. ஆனா அந்தத் தர்ப்பூசணி புளிச்சதுதான்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியும்" என்றான் மச்சினன். "முதல் பழத்தை வெட்டும்போதே எனக்கு வாடை அடிச்சுது. நாப்பது பேர் வந்து நிக்கறாங்க, வேற சரக்கு இல்ல. யாருக்கும் தெரியாமப் போயிடும்னு நினைச்சேன்."

"தெரிஞ்சே வெட்டினியா? அப்ப நான் சொன்னது சரி. பிறகு எதுக்குடா ரெண்டு வருஷமாக் கோவம்?"

"நீங்க சொன்னது பொய்யா இருந்திருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்."

சாம்பிள் சார் இதையும் சிறிது நேரம் யோசித்துப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் தெளிந்ததாகத் தெரியவில்லை. இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மனைவி குனிந்து, தம்பியின் காலில் இருந்த ஷூவைக் கழற்றினாள், சின்ன வயதில் கழற்றியதைப் போல, முடிச்சை அவிழ்க்காமல் இழுத்து. வெளியே கிடந்த மற்றொன்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். படுக்கையறை அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அக்கா, மூணு மணிக்கு மீட்டிங் இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் உள்ளேயிருந்து. "நீ வந்து உக்காரு. அந்த டின் பழத்தையும் ஒரு வாய் சாப்பிடு, உன் மாமா செஞ்சது."